குழிக்குள்ளும் சீனியாரிட்டி

செத்துப்போன ராஜாவின் காலடியில் யார் படுப்பது என்று பஞ்சாபகேசனுக்கும் நம்பிராஜனுக்கும் ஒரு வாரமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் விவரம் தெரியாத பிள்ளைகள் இல்லை. ஒருவர் ஆபீசின் ஹெட் கிளார்க். இன்னொருவர் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் பெரியவர். இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்குப் பெண் நிற்கிறது. இருந்தும், ஆபீஸ் நாடகத்தில் ராஜாவோடு உயிரோடு புதைக்கப்படுகிற ஆட்களில் முதல் இடம் தனக்குத்தான் வேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"நான் கம்பெனியில சேர்ந்தது நாப்பத்திரண்டு ஏப்ரல். இவர் வந்தது ஜூலையில. யார் வேணும்னாலும் ஃபைலை எடுத்துப் பாத்துக்கட்டும்" என்றார் பஞ்சாபகேசன்.

"சேர்ந்த தேதியை வெச்சா கம்பெனி நடக்கறது? கிரேடு என்னங்காணும், கிரேடு?" என்றார் நம்பிராஜன்.

கடைசியில் ராஜாவாக நடிக்கிற மேனேஜர் வெங்கடராமன்தான் தீர்ப்புச் சொன்னார். ராஜாவுக்குக் கால் இரண்டு இருக்கிறதே, வலது கால் பஞ்சாபகேசனுக்கு, இடது கால் நம்பிராஜனுக்கு. இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்கு அடுத்தபடியாக சீனியர் கிளார்க்குகள், ஜூனியர் கிளார்க்குகள், டெஸ்பாட்ச் ஆட்கள் என்று குழியின் மறுகோடி வரைக்கும் வரிசை போட்டாயிற்று. மறுகோடியில் பியூன் சுயம்பு. அவருக்குப் பக்கத்தில் வெங்கடராமனின் ஸ்டெனோ செல்வமேரி.

செல்வமேரி ஓரமாக நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. புதைகுழியில் இடம் பிடிக்க, காலை நேரத்து லோக்கல் வண்டியில் ஜன்னலோர சீட்டுக்கு முண்டுகிற மாதிரி முண்டுகிறார்களே, இதெல்லாம் என்ன ஜென்மம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கம்பெனி, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்தது. சூடானிலிருந்து நீள இழைப் பஞ்சு தருவித்து பம்பாய் மில்களுக்கு விற்கிற கம்பெனி. முதலாளி ஒரு குஜராத்தி சேட். இம்போர்ட் மேனேஜரான வெங்கடராமன், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மாதுங்காக்காரர். பஞ்சு வாங்கும் காரியமாகக் கார்ட்டூமுக்கு மூன்று தடவை போய் வந்தவர். மூன்றாம் தடவை அங்கிருந்த ஏஜெண்டு ஒருவன் சும்மா இருக்காமல் அவரை நைல் நதியோரமாக வடக்கே வெகுதூரம் கூட்டிப்போய், கெர்மா என்ற ஊரில், பழைய நூபிய ராஜாக்களைப் புதைத்த மண்மேடுகளைக் காட்டிவிட்டான். அதோடு மனிதருக்குப் பித்துப் பிடித்தது. திரும்பி வந்ததும் அந்த ராஜாக்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுதுவார், செல்வமேரி டைப் அடிப்பாள். சனிக்கிழமை மத்தியானம், லீவு நாள் காலை, பெரிய வெள்ளிக்கிழமை, எதுவும் விலக்கில்லை. மூன்று வருஷமாக இதுதான் கதை. இதற்குத் தனியாகக் கூலி என்ற பேச்சே எழுந்ததில்லை. டிபன் வாங்கிக் கொடுப்பார், "என் பொண்ணு மாதிரி" என்பார். மனிதர் மூக்குப்பொடி போடுகிறவர். பொடி எடுத்த விரலையே நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்புவார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தவிட்டு நிறத்தில் ஈரமாக ஒரு விரல் பதிந்திருக்கும். அந்தத் தாளைத்தான் அவள் கையில் எடுத்து வைத்து அடிக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அந்த விரல் ஞாபகத்துக்கு வந்து, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்த நாள்கள் உண்டு.

அந்த ராஜாக்கள் மூவாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தியவர்கள். அவர்கள் எழுத்து எதுவும் விட்டுப் போகவில்லை. அதனால் மேட்டுக்குள் கிடக்கிற ராஜாவுக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. மைதானம் அகலத்துக்கு வட்டமான ஒரு மேடு. வெளியே வரிசையாக மாட்டு மண்டைகள். நடுவே ஓர் அறை, அதில் வேலைப்பாடு செய்த கட்டிலில் ராஜா. மேட்டின் குறுக்கே நீளமாக ஒரு நடைபாதை. அந்தப் பாதை முழுக்க ராஜாவின் ஆட்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக. ஒரு மேட்டில் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் கிடந்தார்கள். அவர்களை உயிரோடு இறக்கி மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள் என்று, தோண்டிப் பார்த்த அமெரிக்கர் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் குறிப்புகளையும் செல்வமேரிதான் அடித்தாள். ராஜா மட்டும் தூங்குகிறவனைப் போல ஒருக்களித்துப் படுத்திருந்தான். மற்றவர்கள் கிடந்த லட்சணமே வேறு. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு, முழங்கைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, தலைமயிரைப் பற்றிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவராக. ஒரு பெண் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போயிருந்தாள். அங்கே கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும். அந்தக் காற்று தீர்கிற மட்டும் அவள் உயிரோடு இருந்திருப்பாள். இந்த இடத்தை அடித்து முடித்துவிட்டு செல்வமேரி பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் பார்த்தால் வெங்கடராமன் அந்த வரிகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார்.

"இதெல்லாம் வேண்டாம்மா. படிக்கறவாளுக்கு அருவருப்பா இருக்கும். 'மணப்பெண்கள் போகிற மாதிரிப் போனார்கள்'னு போட்டுடு. ராஜபக்தின்னா அதுதான்."

அதையும் அவள் அடித்தாள். அடிக்காமல் என்ன செய்வாள்?

அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில் அவருக்கு ரிட்டையர்மெண்ட் வந்தது. ஆபீஸ் ஆட்கள் வருஷா வருஷம் மாதுங்காவில் ஒரு ஹால் பிடித்து நாடகம் போடுவது வழக்கம். அந்த நாடகத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆபீசில் யாருக்கு என்ன கிரேடோ மேடையிலும் அதுதான். மேனேஜர் ராஜாவாக வருவார், அவருக்கு நடிக்க வருமா என்று எவரும் கேட்கக் கூடாது. பியூன் காலம் முழுக்க சேவகனாகவே வருவான். இந்த வருஷம் வெங்கடராமன் தாமே எழுதிய நாடகம், அவருக்கு அவரே நடத்திக்கொள்கிற வழியனுப்பு விழா. பெயர் தெரியாத நூபிய ராஜாவுக்கு நீலநதிவர்மன் என்று பெயர் வைத்தார். ராஜா சாகிறான், அவனுடைய ஆட்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டபடி அவனோடு குழிக்குள் இறங்குகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு ஆபீசில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

செல்வமேரிக்கு முல்லை என்ற பணிப்பெண் வேஷம். எல்லோரும் இறங்கியானதும் அவள் கையில் விளக்கோடு மேட்டின் மேல் நின்று, "மணமகளைப் போல் வருகிறேன், வேந்தே! இம்மண்ணே எனக்கு மலர்ப்படுக்கை!" என்று சொல்லிவிட்டுக் கடைசியாக இறங்க வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு அவள் வாயைக் கொப்புளித்தாள்.

மேடையில் நிஜ மண்ணைக் கொட்ட ஹால்காரர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் சாம்பிள் ரூமில் மூட்டையாகக் கிடந்த கழிவுப் பஞ்சைக் காவித் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கூடை கூடையாக வைத்துக்கொண்டார்கள். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகக் கவிழ்த்துச் சாக்கைப் போர்த்தினால் அதுதான் குழி. முதல் ஒத்திகையிலேயே அந்தப் பஞ்சு சுயம்புவின் மூக்கில் ஏறி, அவர் ஹாலே அதிரத் தும்மிவிட்டார். செத்துக் கிடந்த வெங்கடராமன் கட்டிலை விட்டு எழுந்து வந்தார்.

"பொணம் தும்முமாய்யா? அறிவிருக்கா உமக்கு? எல்லாரும் கேட்டுக்கோங்கோ. நான் எழுந்திருக்கச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையப்படாது. மூச்சைக்கூட மெதுவாத்தான் விடணும்."

"சரிங்கய்யா" என்றார் சுயம்பு. ஐம்பதைத் தாண்டியவர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை, இங்கே ஆண்டாப் ஹில்லில் ஜாகை. வெங்கடராமனுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பதிலிருந்து ஸ்டேஷனுக்குக் குடை கொண்டு ஓடுவது வரை இருபது வருஷமாக எல்லாம் அவர்தான். திட்டு வாங்கிய பிறகு அவர் ஒரு தடவையும் தும்மவில்லை. தும்மல் வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அதை உள்ளேயே விழுங்கினார். பக்கத்தில் கிடந்த செல்வமேரிக்கு அந்தக் குலுக்கல் தெரியும்.

நூபிய ராஜாக்கள் கல்லறையில் மாட்டுத்தோல் போடுவார்களாம், ஆகவே அசல் தோலே வேண்டும் என்றார் வெங்கடராமன். சுயம்பு தாராவிக்குப் போய், ஒரு தோல்கிடங்கில் பாதி பதம் பண்ணிய தோல் ஒன்றை இரவல் வாங்கித் தலையில் சுமந்து வந்தார். அவிழ்த்ததும் ஹாலில் ஒருவராலும் நிற்க முடியவில்லை. ராஜா தம்முடைய கட்டிலுக்குப் பட்டு விரிப்பே போதும் என்று சொல்லிவிட்டார். கிளார்க்குகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"அந்தக் கோடியில போட்டுடுங்கோ" என்றார் பஞ்சாபகேசன். "அவா ரெண்டு பேரும் அந்தப் பக்கத்துக்காரா. பழக்கம் இருக்கும்."

ஆமாம், பழக்கம் இருந்தது. செல்வமேரியின் வீடு தாராவியில்தான். அவளுடைய அப்பா சிங்கராயர் தோல் ஊறப்போடும் தொட்டிகளில் நின்று நின்று கால் அழுகிச் செத்தவர். அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அதிலிருந்து வெளியே வருவதற்காகவே டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்தாள். இப்போது மாதுங்காவின் மேடையில், பட்டுப் பாவாடையும் பாசிமணியுமாக, அதே தோலின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். பஞ்சாபகேசனின் முகத்தில் காறித் துப்பினால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

துப்பவில்லை. வேலை வேண்டுமே. அந்த ஏப்ரலில்தான் அவளைப் பெர்மனெண்ட் பண்ணியிருந்தார்கள். அம்மா சேசம்மாளும் அவளும் ஜீவிப்பது அந்த ஒரு சம்பளத்தில்தான்.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெங்கடராமன் அவளைத் தமது அறைக்குக் கூப்பிட்டார். விரலில் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேரி, ரிட்டையர் ஆனதும் நான் செம்பூர் வீட்டுக்குப் போயிடறேன். புஸ்தகம் இன்னும் பாதி இருக்கே. நீயும் அங்கேயே வந்துடு. பின்பக்கத்து ரூமைக் காலி பண்ணி மெஷின் வாங்கிப் போட்டாச்சு. மாமி ஜன்னலுக்குக் கர்ட்டன்கூடத் தெச்சுட்டா. சுயம்புவும் வரான். புது மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உன் ஸீட்டுக்கு அவர் தன் ஆளை எடுத்துண்டாச்சு."

"சார், நீங்க என்னைக் கேக்கவே இல்லியே?"

"கேக்கணுமா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணைக் கேட்டுண்டா அப்பா அழைச்சுண்டு போவா?"

அந்தச் சிரிப்பில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அதுதான் அவளால் சகிக்க முடியாமல் இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் முகத்துக்கு நேரே கத்தலாம். இந்த மனிதர் நிஜமாகவே அவளுக்கு ஒரு பாக்கியத்தைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீசின் வழக்கமும் அதுதான். பெரியவர் ஒருவர் போனால் அவருடைய ஸ்டெனோவும் பியூனும் 'அவருடைய ஆட்கள்'. இவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் அவரோடு போக வேண்டியதுதான். செல்வமேரி புது மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். அவர் மராத்திக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வெங்கடராமன் சாஹப் வந்து சொன்னால் யோசிக்கலாம், தானாக எதுவும் செய்ய முடியாது என்று கையை விரித்தார். சேட்டையே பார்க்கலாம் என்றால், சேட்டின் அறைக்கு ஸ்டெனோக்கள் போகிற வழக்கம் கிடையாது. அறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் விஷயம் பரவி, ஆபீசில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வேறு. "உனக்கென்னம்மா, அதிர்ஷ்டக்காரி" என்றார் நம்பிராஜன். அவர் சொன்னது மெய்யாகவே பொறாமையில்தான்.

சாயங்காலம் சுயம்பு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, செம்பூருக்குப் போக ஒங்களுக்கு இஷ்டமா?"

"எனக்கென்ன தாயி இஷ்டமும் கஷ்டமும்? ஐயா சொன்னா சரிதான்."

"இங்க இருந்தா கம்பெனி சம்பளம். அங்க போனா அவரு குடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல. ஒரு வார்த்தை மாட்டேன்னு சொல்லுங்களேன். ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுவோம்."

சுயம்பு பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்படியெல்லாம் பேசப்பிடாது தாயி. ஐயா காதுல விழுந்தா என்ன ஆவும்?" என்று சொல்லிவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

வீட்டிலும் அதே பாட்டு. சேசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏட்டி, பெரிய மனுசன் வீடு. இந்த நாத்தத்துல கெடந்து சாவுததுக்கு அங்க போயி நல்ல காத்துல இரியேன். மாதாதான் வழி காட்டியிருக்கா."

"நல்ல காத்தா? அவரு சாவுத வரைக்கும் அவரு எழுதுததை நான் அடிச்சுக்கிட்டே இருக்கணும்மா. அதுக்குப் பொறவு நான் எங்க போவேன்?"

சேசம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அதை அவரு பாத்துக்கிடுவாரு" என்றாள்.

செத்த பிறகும் பார்த்துக்கொள்வாரா! செல்வமேரி சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். உயிரோடு மூடப்பட்ட முந்நூறு பேரின் அம்மாக்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

நாடகத்தன்று ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசை சோபாவில் சேட் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதவர், வருஷத்துக்கு ஒரு தடவை மரியாதைக்காக வந்து கொட்டாவி விட்டுப் போவார். அவருக்குப் பக்கத்தில் புது மேனேஜர்.

வெங்கடராமன் வெகுநேரம் செத்தார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, தாம் ஆண்ட நதியையும் வென்ற நாடுகளையும் வளர்த்த மக்களையும் பற்றிப் பேசிப் பேசி, நடுவே இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்து, ஒருவழியாகத் தலையைச் சாய்த்தார். பலத்த கைதட்டல். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் குழிக்குள் இறங்கினார்கள். பஞ்சாபகேசன் ராஜாவின் வலது பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தார். நம்பிராஜன் அதற்கு விட்டுக்கொடுக்காமல் இடது பாதத்தை முத்தமிட்டே விட்டார். கிளார்க்குகள் கிரேடு பிசகாமல் போய்ப் படுத்தார்கள். சுயம்பு கடைசியாகப் போய், தோலின் மேல் குப்புறக் கவிழ்ந்து, முகத்தை முழங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே நின்ற செல்வமேரி அதைப் பார்த்தாள். அப்படிப் படுக்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மூக்கில் பஞ்சு ஏறாமல் இருப்பதற்காக அவராகக் கண்டுபிடித்த வழி அது. தோண்டியெடுத்தவர் எழுதியிருந்தபடியே, அப்படியே கிடந்தார்.

பக்கவாட்டில் கூடைகளோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். விளக்கு அவள் கையில் எரிந்தது. தோல் நாற்றம் மேலே வந்தது. அவள் வாயைத் திறந்தாள். "மணமகளை..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. அந்த வார்த்தை வாயில் எச்சிலோடு சேர்ந்து கசந்தது. செத்துக் கிடந்த ராஜா உதடு அசையாமல் "மணமகளைப் போல் வருகிறேன்" என்று கிசுகிசுத்தார். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து வசனம் எடுத்துக் கொடுக்கிறாராம்!

செல்வமேரி விளக்கைக் கீழே வைத்தாள். மேடையின் முன்விளிம்புக்கு வந்து சேட்டை நேராகப் பார்த்தாள். தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் பேசிப் பழகிய இந்தியில் உரக்கச் சொன்னாள்.

"சேட்ஜி! மை நை ஜாயேகி! ரிட்டையர் சாஹப் ஹோத்தா ஹை, மை நை ஹோத்தி! மேரா நௌக்ரி மத் நிகாலோ!"

நான் போக மாட்டேன், ரிட்டையர் ஆவது சாஹப், நான் இல்லை, என் வேலையை எடுக்காதே என்று ஒரு நூபியப் பணிப்பெண் சொன்னதும் ஹாலில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. ஏதோ காமெடி சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விசில்கூட அடித்தார்கள். சேட்டுக்கு மட்டும் அந்த நாடகத்தில் முதல் தடவையாக ஏதோ புரிந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புது மேனேஜரிடம் குனிந்து கேட்டார். புது மேனேஜர் நெளிந்துகொண்டே ஏதோ விளக்கம் சொன்னார்.

"வெங்கட்ராமன்!" என்று கூப்பிட்டார் சேட்.

செத்த ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். அட்டைக் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. "சார், ஷி இஸ் லைக் மை டாட்டர், சார். கொஞ்சம் எமோஷனல்..." என்று இங்கிலீஷும் தமிழுமாகக் குழறினார்.

சேட்டுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. "அரே, தும் தோ மர் கயா நா? ஸோ ஜாவ், ஸோ ஜாவ்!" என்று கையை ஆட்டினார். நீதான் செத்துப்போனாயே, படு படு என்று.

ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. நைல் நதியை ஆண்ட நீலநதிவர்மன் கிரீடத்தைச் சரிபண்ணிக்கொண்டு படுத்துவிட்டார். சேட் படுக்கச் சொன்னார், அவர் படுத்தார். அவ்வளவுதான். செல்வமேரிக்கு இத்தனை வருஷமும் எதைக் கண்டு நடுங்கினோம் என்று வெட்கமாகப் போயிற்று.

சேட் அவளைப் பார்த்து, திங்கட்கிழமை வேலைக்கு வா, உன் ஸீட் உனக்குத்தான் என்று இந்தியில் சொன்னார். சட்டையில் ஒட்டிய எறும்பைத் தட்டிவிடுகிற அளவுக்குக்கூட அவருக்கு அது ஒரு விஷயம் இல்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு ராஜாவின் குழியிலிருந்து ஏறுவதற்கு இன்னொரு ராஜாவைத்தானே கும்பிட வேண்டியிருக்கிறது? இருந்தாலும் வேலை கிடைத்துவிட்டது.

இதற்கிடையே கூடைக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒத்திகையில் சொன்னபடி பஞ்சைக் கொட்டித் தீர்த்தார்கள். திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் ஒரே கலவரம். காவிப் பஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்த பஞ்சாபகேசன் அவள் மேல் பாய்ந்தார்.

"நன்றி கெட்டவளே! அப்பேர்ப்பட்ட மனுஷாளை சபையில வெச்சு அசிங்கப்படுத்திட்டியே! நான் எவ்வளவு போராடி அந்தக் காலடி எடத்தை வாங்கினேன்? எல்லாம் பாழ்!"

அவர் கண்ணிமையில் ராஜாவின் பாதத்துச் சந்தனம் ஒட்டியிருந்தது. செல்வமேரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பிராஜன் அவளைக் காணாதவர் போலக் கடந்து போனார். நேற்றுவரை அதிர்ஷ்டக்காரி என்றவர். வெங்கடராமன் கட்டிலிலிருந்து இறங்கி, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக டாக்சி பிடித்துப் போய்விட்டார். கிளார்க்குகள் அரிதாரம் கலைக்கப் போனார்கள். மேடை காலியாயிற்று.

அப்போதுதான் அவள் குழியின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே பஞ்சு இன்னும் மேடாகக் குவிந்திருந்தது. மேட்டுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் பஞ்சை வாரி எறிந்தாள். தோலின் மேல் குப்புறக் கிடந்தார் சுயம்பு. முதுகு குலுங்கியது, தும்மலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! எந்திரிங்க! எல்லாம் முடிஞ்சு போச்சு. எல்லாரும் போயிட்டாவ."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. முழங்கைக்குள்ளிருந்து குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"ஐயா இன்னும் எந்திரிக்கச் சொல்லலியே, தாயி."